கொண்டியும் நாதாங்கியும்

இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியன் ஒருவன் காரின் பின்கதவுத் தாழ்ப்பாளைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த மாணவர்கள் சங்க இலக்கியம் பற்றியோ, இசுலாமியத் தமிழ் இலக்கியம் பற்றியோ எழுதித் தருவேன் என்றே எதிர்பார்த்திருப்பர். ஆனால் நூல்கள் எனக்குக் கற்பித்த பாடங்களுக்குச் சற்றும் குறையாத பாடம் ஒன்றை ஒரு பழைய காரின் பின்கதவுத் தாழ் கற்பித்தது. அதை இத்தனை ஆண்டுகள் என் மனத்துக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தேன். இன்று திறக்கின்றேன்.

எங்கள் ஊர் குன்னூர். அத்தா அங்கே சிறியதொரு மளிகைக் கடை வைத்திருந்தார். மலைமேல் கடை நடத்துவோருக்கு அரிசிக்கும் பருப்புக்கும் வெங்காயத்துக்கும் மேட்டுப்பாளையம் மண்டிகளே துணை. வாரம் ஒருமுறை அத்தா கீழே இறங்கிச் சரக்கு ஏற்றி வருவார். அதற்கென்றே இரண்டு கை மாறிய பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தார். பின்பக்கம் முழுவதும் ஒரே கதவாக மேல்நோக்கித் திறக்கும் வகையைச் சேர்ந்தது அது. 'டிக்கி' என்றுதான் நம்மவர் அதனைச் சொல்வர். அந்த டிக்கியில் மூன்று மூட்டைகள் தாராளமாக அமரும். பின் இருக்கையில் ஆட்களும் அமரலாம்.

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அந்தக் கதவு முரண்டு பிடிக்கத் தொடங்கியது. ஒருமுறை சாத்தினால் மூடாது. இரண்டாம் முறை ஓங்கி அறைந்தால் மூடும்; மேடு பள்ளத்தில் ஏறி இறங்கினால் தானாகத் திறந்து கொள்ளும். நீலகிரியின் ஈரக்காற்று இரும்பை விட்டு வைப்பதில்லை. சூன் முதல் தென்மேற்குப் பருவமழை. அது ஓய்ந்ததும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. குன்னூருக்குப் பின்னதே பெருமழை. இடைப்பட்ட நாள்களிலோ பனியும் மூடுபனியும். சமவெளியில் இருபது ஆண்டுகள் தாங்கும் தகடு, மலையில் பத்து ஆண்டுகளில் பொரிந்து விடும்.

நான் அப்போது சமவெளியில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தேன். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருவேன். "கோயம்புத்தூர் வழியாகத்தானே வருகிறாய்? இந்த டிக்கி லாக்கை வாங்கி வா" என்று அத்தா சொன்னார். சரி என்றேன். அக்டோபரில் மறந்தேன். நவம்பரில் நினைவிருந்தது, ஆனால் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன். அந்த இரண்டு முறையும் கோயம்புத்தூரில் புத்தகக் கடைக்குள் நுழைந்து மணிக்கணக்கில் நிற்க எனக்கு நேரம் இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கைநிறைய நூல்களோடு வீடு வந்தேன். அத்தா என் கைகளைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நைலான் கயிற்றை எடுத்துப் பின்கதவின் கைப்பிடியைக் கீழே உள்ள இழுவைக் கொக்கியோடு சேர்த்துக் கட்டினார். மூன்று மாதம் அந்தக் கயிறுதான் எங்கள் தாழ்ப்பாள்.

டிசம்பர் வந்தது. அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகளுக்கு விடுமுறை. மேட்டுப்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த என் அக்காவின் மகனுக்கு அப்போது ஆறு வயது. விடுமுறைக்கு நன்னா வீட்டுக்கு வரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். சரக்கு எடுக்கச் சென்ற அத்தாவும் நானும் அவனையும் அழைத்து வரப் புறப்பட்டோம். டிக்கியில் ஓர் அரிசி மூட்டை, அதன்மேல் இரண்டு வெங்காய மூட்டைகள். பையன் பின் இருக்கையைத் தாண்டிக் குதித்து மூட்டைகளின்மேல் ஏறி உட்கார்ந்து கொண்டான். மலைப்பாதையில் குரங்குகள் வருமே, அவற்றுக்குக் கை காட்ட அதைவிட நல்ல இடம் வேறு ஏது?

நான் வண்டியைக் கிளப்பினேன். அத்தா என் தோளைத் தொட்டு நிறுத்தச் சொன்னார்.

"பிள்ளையை இந்தப் பக்கம் எடு."

"கயிறு கட்டித்தானே இருக்கிறது அத்தா? ஆசையாக உட்கார்ந்திருக்கிறான்."

"கயிற்றை நம்பி வெங்காயத்தை ஏற்றலாம். பிள்ளையை ஏற்றக் கூடாது. கட்ட வேண்டியதைச் சரியாகக் கட்டிவிட்டுத்தான் இறைவன்மேல் பாரத்தைப் போட வேண்டும்."

பையன் அழுதான். எனக்குச் சினம் வந்தது. படித்த மகனின் சொல்லுக்கு இவ்வளவுதான் மதிப்பா என்று கூட ஒரு நொடி நினைத்தேன். அத்தா அசையவில்லை. தாமே இறங்கிப் பேரனைத் தூக்கி வந்து, பின் இருக்கையில் தம் பக்கத்தில் இருத்திக் கொண்டு, "இப்போது போ" என்றார்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் செல்லும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கல்லாற்றைக் கடந்ததும் ஏற்றம் தொடங்கிவிடும். ஏற்றத்தில் வண்டியின் மூக்கு உயர, உள்ளிருக்கும் சுமை முழுவதும் பின்னோக்கிச் சாய்ந்து கதவின்மேல் விழும். வளைவில் திரும்பும்போதோ வண்டியின் உடலே சற்று முறுகும். சமவெளியில் ஒழுங்காய் இருப்பதுபோல் நடிக்கும் பழுதெல்லாம் மலைப்பாதையில் வேடம் கலையும். அன்று தூறல் வேறு. நனைந்த நைலான் கயிற்றில் முடிச்சு நிற்காது என்பது எனக்குத் தெரியாது.

பர்லியாற்றை நெருங்குமுன் ஒரு கொண்டை ஊசி வளைவு. இரண்டாம் கியரில் வண்டியை வளைத்து ஏற்றினேன். பின்னால் 'படார்' என்றொரு ஓசை. குளிர்காற்று முதுகில் அறைந்தது. கண்ணாடியில் பார்த்தால் கதவு வானத்தை நோக்கி எழுந்து நிற்கிறது. கதவைத் தூக்கிப் பிடிக்கவென்று இருபுறமும் உள்ள வாயுத் தாங்கிகள், தாழ் விட்டதும் தம் கடமையைச் செவ்வனே செய்துவிட்டன. மேலிருந்த இரண்டு வெங்காய மூட்டைகளும் இல்லை.

வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி இறங்கி ஓடினேன். ஒரு மூட்டை கிழிந்து சாலை முழுதும் வெங்காயம் உருண்டு கொண்டிருந்தது. மற்றொன்று தடுப்புச் சுவர் இல்லாத இடைவெளியில் பள்ளத்துக்குள் போய்விட்டிருந்தது. எங்களுக்குப் பின்னால் இருசக்கர வண்டியில் வந்த ஒருவர் சாலையின் விளிம்பில் காலூன்றி நின்றார். அவர் மனைவி பின்னால் அமர்ந்திருந்தார். இன்னும் நான்கடி முன்னால் வந்திருந்தால் மூட்டை அவர்கள்மேல் விழுந்திருக்கும். என்னைத் திட்டுவார் என்று தலைகுனிந்து நின்றேன். அவர் திட்டவில்லை. திறந்து கிடந்த டிக்கியை எட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உள்ளே யாரும் உட்கார்ந்திருக்கவில்லையே?"

என்னால் விடை சொல்ல இயலவில்லை. "இல்லை" என்னும் அந்த ஒரு சொல்லைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. அது அத்தா வாங்கித் தந்த சொல். திரும்பிப் பார்த்தேன். பையன் நன்னாவின் தோளில் முகம் புதைத்திருந்தான். அத்தா ஒரு கையால் அவன் முதுகைத் தடவிக் கொண்டே மறு கையால் கயிற்றை எடுத்துப் பிழிந்து கொண்டிருந்தார். அவர் என்னை ஒரு சொல் கடிந்திருந்தால் என் மனம் ஆறியிருக்கும். கடியவில்லை.

மறுநாள் முதல் பேருந்தில் கோயம்புத்தூர் சென்றேன். உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் பாதி விலையில் கிடைக்குமே என்று ஓர் எண்ணம் எழுந்தது. தேய்ந்த ஒன்றை எடுத்துவிட்டுத் தேய்ந்த இன்னொன்றை வைப்பதா என்று நாணிப் புதியதையே வாங்கினேன். சில நூறு ரூபாய். அதற்கு முந்தின மாதம் வாங்கிய நூல்களின் விலையில் கால் பங்குகூட இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த இரும்புப் பொருளைப் பேருந்தில் மடிமேல் வைத்துக் கொண்டு மலை ஏறினேன்.

குன்னூரில் எங்கள் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் எளியவர். 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ சாத்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பி நீலகிரியில் குடியேறிய குடும்பங்களுள் ஒன்றில் பிறந்தவர். தேயிலைத் தொழிற்சாலை எந்திரங்களையும் கொழுந்து ஏற்றும் லாரிகளையும் பார்த்துப் பார்த்தே தொழில் கற்றவர். நான் நீட்டிய புதிய பூட்டை அவர் உடனே வாங்கவில்லை. "முதல்ல பழசு எதனால கெட்டுதுன்னு பார்ப்போம் சார்" என்றார்.

கதவைத் தூக்கி, வாயுத் தாங்கிகளை நம்பாமல் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்தார். உள்பக்க அட்டையைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். உள்ளே துருவும் தூசியும் படிந்த பூட்டு. துருப்பிடித்த போல்ட்டுகளின்மேல் மண்ணெண்ணெய் விட்டுச் சற்றுப் பொறுத்தார். "அவசரப்பட்டுத் திருகினா தலை அறுந்து போகும்" என்றார். ஊறிய பிறகு போல்ட்டுகள் எளிதாகக் கழன்றன. கைப்பிடியிலிருந்து வரும் கம்பியைக் கழற்றிப் பூட்டைக் கையில் எடுத்து எனக்குப் பாடம் நடத்தினார். வாழ்நாள் முழுதும் பாடம் நடத்தியவன் நான். அன்று நான் மாணவன்.

அதன் அமைப்பு வியப்பூட்டும் எளிமை உடையது. நண்டின் கொடுக்குப் போன்று வாய் பிளந்த ஓர் இரும்புத் துண்டு கதவில் இருக்கிறது. வண்டியின் உடலில், அதற்கு நேர் எதிரே, வளைந்த ஒரு கம்பி. கதவைச் சாத்தும்போது கம்பி கொடுக்கின் வாய்க்குள் புகுந்து அதனைச் சுழற்றும். சுழன்ற கொடுக்குத் திரும்பி வராதபடி ஒரு சிறு தடுப்பு நாக்கு வந்து விழும். அதனைத் தள்ளிப் பிடிப்பது ஒரு சுருள்வில். நாக்கு விழ இரண்டு படிகள் உண்டு. முதல் படி அரைப் பூட்டு. இரண்டாம் படியே முழுப் பூட்டு. நன்றாக மூடும் கதவில் இரண்டு ஓசை கேட்கும். எங்கள் கதவில் மூன்று மாதமாக ஒரே ஓசைதான் கேட்டது. மொழியை ஓசையால் ஆராயும் எனக்கு அது காதில் விழவே இல்லை!

நம் பழைய வீடுகளின் கதவுகளை நினைத்துப் பாருங்கள். கதவில் கொண்டி; நிலையில் நாதாங்கி. நாவைத் தாங்குவதால் அது நாதாங்கி. எவ்வளவு அழகிய பெயர்! காரின் கதவிலும் அதே இணைதான். கொடுக்கு கொண்டி, வளைகம்பி நாதாங்கி.

"பூட்டு தேஞ்சிருக்கு, வில்லும் துருப்பிடிச்சிருக்கு, சரிதான். ஆனா முதல் குத்தம் இதுல இல்ல சார், அதுல" என்று வளைகம்பியைக் காட்டினார் மெக்கானிக். அதன் திருகுகள் தளர்ந்து, கம்பி தன் பழைய இடத்திலிருந்து நகக்கண் அளவு நகர்ந்திருந்தது. வண்ணத்தின்மேல் பழைய தடம் தெளிவாகத் தெரிந்தது. அந்த நகக்கண் அளவினால் கொடுக்கு இரண்டாம் படிக்குச் சுழலவில்லை. அரைப் படியிலேயே பாரம் முழுவதும் நின்றதால் தடுப்பு நாக்கின் விளிம்பு மழுங்கியது. கதவு மூடவில்லை என்று நாங்கள் ஓங்கி அறைந்தோம். ஒவ்வோர் அறையும் கம்பியை மேலும் நகர்த்தியது. பழுதைச் சரிசெய்வதாக எண்ணி நாங்கள் செய்ததே பழுதை வளர்த்தது. புதிய பூட்டை மட்டும் மாற்றிவிட்டு வந்திருந்தால் அதுவும் ஓராண்டில் மழுங்கியிருக்கும்.

அவர் புதிய பூட்டைப் பொருத்தினார். கதவைச் சாத்துமுன் ஒரு திருப்புளியைக் கொடுக்கின் வாயில் விட்டுச் சுழற்றி, இரண்டு படியும் விழுகிறதா, கைப்பிடியை இழுத்தால் விடுகிறதா என்று சோதித்தார். கதவு திறந்திருக்கும்போதே இச்சோதனையைச் செய்ய வேண்டும்; சாத்திய பிறகு சிக்கினால் திறப்பது பெரும்பாடு. பின்னர் வளைகம்பியின் திருகுகளை அரைகுறையாக முடுக்கி, கதவை மெல்லச் சாத்தி, கம்பி தன் இடத்தைத் தானே தேடிக் கொள்ளச் செய்து, அதன்பின் இறுக்கினார். விரல் நுனியில் சிறிது கிரீசு. இப்போது ஒரு கையால் மெதுவாகச் சாத்தினார். இரண்டு ஓசை. அத்தாவின் முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

"கதவை லேசாத் திறந்து வச்சுக்கிட்டு ஓட்டுனாலும் ஆபத்து சார்" என்று மெக்கானிக் மேலும் சொன்னார். ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் புகைக்குழாயின் புகை திறந்த கதவு வழியே உள்ளே இழுக்கப்படும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறக்கம் வருவதுபோல் வந்து உயிரைக் கொண்டு போகும். கயிறு கட்டி இடைவெளியோடு ஓடிய மூன்று மாதங்களை எண்ணி நான் நடுங்கினேன்.

"நம்ம மலை ரயிலைப் பாருங்க. ஏறும்போது எஞ்சின் பின்னால இருந்துதானே தள்ளுது? மலையில பின்பக்கந்தான் சார் முக்கியம்" என்றார் அவர். நான் எத்தனையோ முறை பயணம் செய்த இரயில் அது. 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் எட்டியது. 46 கிலோமீட்டர் தொலைவில் 326 மீட்டரிலிருந்து 2,203 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. 2005-இல் யுனெசுகோவின் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே பற்சட்டத்தைப் பற்றிக் கொண்டு ஏறும் அந்த வண்டியில் எஞ்சின் என்றும் சரிவின் கீழ்ப்பக்கமே நிற்கும். இணைப்பு ஒன்று அறுந்தாலும் பெட்டிகள் பின்னோக்கி உருண்டுவிடாமல் தாங்குவதற்கே அந்த ஏற்பாடு. அதை வேடிக்கையாகப் பார்த்த எனக்கு அதன் பொருள் அன்றுதான் விளங்கியது.

பின்னாளில் இப்பொருள் குறித்துப் படித்தபோது, உலகின் மறுகோடியில் இதே சிறு பொருள் எவ்வளவு பெரிய வழக்காயிற்று என்பதை அறிந்தேன். அமெரிக்காவில் கிரைசுலர் நிறுவனம் 1984 முதல் 1995 வரையிலான மாதிரிகளாக விற்ற குடும்ப வேன்களின் பின்கதவுப் பூட்டுகள் விபத்துகளில் திறந்து கொண்டதாகவும், குழந்தைகள் உட்படப் பலர் வெளியே எறியப்பட்டு இறந்ததாகவும் புகார்கள் எழுந்தன. தொடக்க கால மாதிரிகளில் நாதாங்கிக் கம்பியின் முனையில் தொப்பி போன்ற தலை இல்லை என்பது குறைகளுள் ஒன்றாகக் காட்டப்பட்டது. அரசின் விசாரணைக்குப் பின் 1995 மார்ச்சில் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளில் பூட்டை இலவசமாக மாற்றித் தர அந்நிறுவனம் இசைந்தது. அதுவரை பக்கக் கதவுகளுக்கு மட்டும் இருந்த பூட்டு விதிகளை அமெரிக்க அரசு அதே ஆண்டில் பின்கதவுகளுக்கும் நீட்டித்தது. கம்பியின் முனையில் ஒரு சிறு தலை! அது இருந்திருந்தால் என்று எத்தனை தாய்மார் நினைத்திருப்பர்?

அவ்வழக்கைப் படிக்கையில் என் மனம் பர்லியாற்று வளைவிலேயே நின்றது. ஒரு பெரிய நிறுவனத்தின்மேல் விரல் நீட்டுவது எளிது. அறிந்தும் காலம் தாழ்த்திய குற்றம் என்னுடையது அல்லவா? எனக்குப் பணம் இல்லாமல் இல்லை. நேரம் இல்லாமல் இல்லை. சிறிய வேலை என்ற எண்ணம்தான் இருந்தது. சிறிய வேலையை நாளை செய்யலாம். பெரிய வேலையை இன்று செய்வோம் என்று நாம் வரிசைப்படுத்துகிறோம். பேரிடரோ அந்த வரிசையைப் பார்த்து வருவதில்லை.

அன்று மாலை அக்கா தொலைபேசியில் பேசியபோது, "வழியில் வெங்காய மூட்டை விழுந்துவிட்டது அம்மா, வேறொன்றுமில்லை" என்று மட்டும் அத்தா சொன்னார். மகள் அஞ்சக் கூடாது என்பதற்காகவும், மகன் தலைகுனியக் கூடாது என்பதற்காகவும் அவர் போட்ட தாழ்ப்பாள் அது. இறுதிவரை அவர் அதைத் திறக்கவில்லை. அவர் மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன.

அந்தப் பேரன் இன்று கல்லூரியில் படிக்கிறான். வண்டி ஓட்டவும் கற்றுக் கொண்டான். புறப்படுமுன் பின்பக்கம் சென்று கதவை ஒருமுறை மேல்நோக்கி இழுத்துப் பார்க்கிறான். ஏன் என்று கேட்டேன். "நன்னா அப்படித்தான் செய்வாங்க மாமா" என்றான். காரணம் அவனுக்கு நினைவில்லை. இந்த மலர் அவன் கைக்கும் போகும். அக்காவின் கைக்கும் போகும். போகட்டும்.

மாணவச் செல்வங்களே, அன்புக்குத் தாழ் இல்லை என்று வள்ளுவர் வழியில் உங்களுக்குப் பலமுறை கற்பித்திருக்கிறேன். அது உண்மையே. ஆயினும் அன்புக்குரியவர்களை ஏற்றிச் செல்லும் வண்டிக்குத் தாழ் வேண்டும். அது இரண்டாம் படிவரை விழுந்ததா என்று காது கொடுத்துக் கேட்கவும் வேண்டும்.